கோபாலும் நம்மவரும்: ஒரு சித்திரத் தொடரைப் பற்றிய அபிப்பிராயங்கள்

ஒரு நாடகம் முடிந்தபின் அதனைப் பற்றி மக்கள் பேசிக்கொள்ளும் பேச்சு, சில வேளைகளில் நாடகத்தைக் காட்டிலும் அதிகப் பயன் தருவதாகும். ஆடியவன் தன் திறமையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறான். பார்த்தவனோ பேசும்போது தன் மனத்தையே காட்டிவிடுகிறான். ஒரு சமூகத்தார் எதைக் கண்டு சிரிக்கின்றனர், எதைக் கண்டு சினக்கின்றனர், எதைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகின்றனர் என்பனவற்றை ஆராய்வதும் விமர்சகனுடைய வேலையேயாம்.

இக்காலத்து நாடகமேடை தொலைக்காட்சிப் பெட்டி. அதன்முன் நெடுநேரம் அமர்ந்திருப்போர் நம் குழந்தைகள். ஆதலின் இம்முறை 'போபோய்பாய்' என்னும் மலாய்ச் சித்திரத் தொடரையும், அதனைப் பற்றித் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் நம்மவர் கூறக் கேட்ட அபிப்பிராயங்களையும் எடுத்துக்கொண்டோம். சிறுவர் பார்க்கும் பொம்மைப் படத்துக்கு விமர்சனமும் ஒரு கேடா என்று சிலர் நகைக்கலாம். பெரியவர் படிக்கும் நாவலைப் பத்துப்பேர் படிக்கின்றனர். சிறுவர் பார்க்கும் சித்திரத்தை ஊரே பார்க்கிறது. பத்துப்பேருக்கு ஆகும் ஆராய்ச்சி ஊருக்கு ஆகாதா?

முதலில் கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். நிஜாம் ரசாக் முதலிய நால்வர் 2009-ஆம் ஆண்டில் அனிமோன்ஸ்டா ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் ஆக்கிய இத்தொடர் 2011-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டிவி3 அலைவரிசையில் முதன்முதலாக வெளிவந்து, மூன்று பருவங்களாக 2016 வரை நடந்தது. அதே ஆண்டில் திரைப்படம் ஒன்றும், விண்வெளியில் நிகழும் தொடர்ச்சியாகிய 'போபோய்பாய் கேலக்சி'யும் வந்தன. 2019-இல் இரண்டாம் திரைப்படம் வந்தது. இந்தோனேசிய மக்களும் இதனை விரும்பிப் பார்த்தனர். நம் நாட்டிற் பிறந்த சித்திரங்களில் கடல் கடந்து பெயர்பெற்ற சிலவற்றுள் இஃதொன்று.

விடுமுறையில் தாத்தாவின் ஊராகிய ரிந்திஸ் தீவுக்கு வரும் சிறுவனே கதைத்தலைவன். தாத்தா தோக் ஆபா கொக்கோப் பானம் விற்கும் கடை வைத்திருக்கிறார். அந்தக் கொக்கோவையே ஆற்றலாகக் கொள்ளும் அடுடு என்னும் வேற்றுக்கோளினன் அதனைக் கவர வருகிறான். (நம் தந்தையர் காலத்தில், 1980-களில், இந்நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் கொக்கோ விளைந்ததும், பின்னர் அது செம்பனைக்கு இடம் விட்டு ஒழிந்ததும் நம் வாசகர் பலர் அறிந்ததே. அடுடு காலம் பிந்தி வந்தான் போலும்!) ஓச்சோபாட் என்னும் உருண்டை இயந்திரம் சிறுவர்க்கு அரிய ஆற்றல்களை அளிக்கிறது. போபோய்பாய் இடி, காற்று, மண் என மூவராகப் பிரிவான். யாயா என்னும் மலாய்ச் சிறுமி புவியீர்ப்பை ஆள்வாள். யிங் என்னும் சீனச் சிறுமி விரைவையும் காலத்தையும் ஆள்வாள். பின்னர் வந்து சேரும் ஃபாங் நிழலை ஏவுவான். ஐந்தாமவன் கோபால். நம்மவர் அபிப்பிராயமெல்லாம் இவனைச் சுற்றியே எழுகின்றது.

கோபால் பருத்த உடலும் கறுத்த நிறமும் உடையவன், தின்பண்டப் பிரியன், வீடியோ விளையாட்டிற் காலம் கழிப்பவன், பேய் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குபவன், தந்தையார் குமாருக்கு அஞ்சுபவன், தோக் ஆபாவின் கடையில் குடித்த பானத்துக்குக் கடன் வைப்பவன். ஆயினும் போபோய்பாயின் உற்ற தோழன் அவனே. பொருளின் மூலக்கூற்றை மாற்றுவது அவனுக்கு வாய்த்த ஆற்றல். எதிரி எறியும் கல்லையும் குண்டையும் அவன் தின்பண்டமாக மாற்றிவிடுவான்.

இவனைப் பற்றி நாம் கேட்ட அபிப்பிராயங்கள் மூன்று வகையின.

முதல் வகையினர், இது தமிழனை இழிவு செய்யும் படம் என்பர். ஐவரில் ஒருவன் தமிழன். அவனே கோழை, அவனே பெருந்தீனிக்காரன், அவனே கடன்காரன் என்றால் இது தற்செயலா என்று கேட்பர். இக்கேள்வியைத் தள்ளிவிடல் நேர்மையாகாது. கடன் நகைச்சுவை ஒன்றையே எண்ணிப் பாருங்கள். மற்றையோர்க்கு அது வெறும் வேடிக்கை. நமக்கோ அதன் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டபின்னும், கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கப்பலேறியோர் எத்துணையோ பேர். அவ்வகைக் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938-இல் தடுத்தது. ஆயினும் மளிகைக் கடைப் பற்றுப் புத்தகம் அதனோடு மூடப்படவில்லை. சம்பள நாளில் அப்புத்தகத்தோடு கடைக்காரர் வந்து நிற்பதை அலுவலக மேசைக்கு இப்புறம் அமர்ந்து கண்டவன் இக்கட்டுரையாளன். அங்கு நிற்பவன் முகத்தில் நகைப்புக்கு இடமில்லை. ஆகவே இந்நகைச்சுவை சிலர்க்குச் சுடுகிறது என்றால், சுடுவதற்குக் காரணம் உண்டு.

இரண்டாம் வகையினர், தமிழ்ப் பிள்ளை ஒருவன் படத்தில் இருக்கிறானே, அதுவே போதும் என்று மகிழ்பவர். இவர்களையும் ஏளனம் செய்யக் கூடாது. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த வீரர் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அக்கூட்டங்களில் நம் முகமும் நம் பெயரும் இல்லை. இன்று ஒரு தோட்டத்துப் பிள்ளை தன் மாமன் பெயரையொத்த பெயருடையவன் வானவூர்தியில் ஏறி அண்டங்களுக்கிடையே செல்வதைக் காண்கிறான். அங்கே கோபால் ஏவலாளன் அல்லன். வாயிற் காவலன் அல்லன். தலைவனோடு ஒரே மேசையில் அமர்ந்து ஒரே கோப்பையிற் பருகும் நண்பன். 'டேய்' என்று அவன் கூப்பிடும்போது வீட்டில் எல்லாரும் சிரிக்கின்றனர். அந்தச் சிரிப்பில் உறவு கொண்டாடும் இன்பம் இருக்கிறது. இதனை இல்லையென்று கூறுவோர் குழந்தைகளோடு அமர்ந்து படத்தைப் பார்த்தவராகார்.

மூன்றாம் வகையினர், இது சிறுபிள்ளை விளையாட்டு, இதில் இனம் ஏது, மானம் ஏது என்பர். மூன்றனுள் பெருந்தொகையினர் இவரே. மூன்றனுள் தவறானதும் இவர் கொள்கையே. நாம் வேலை பார்க்கும் தோட்டத்தில் சற்றுப் பருத்த சிறுவன் ஒருவன் இருக்கிறான். கூட்டாளிகள் அவனைக் கோபால் என்றே அழைப்பர். அவன் பெயர் அதுவன்று. முதலில் அவன் அதனைப் பெருமையாகவே கொண்டு, கையை நீட்டிக் கல்லை ரொட்டியாக்குவதுபோல் நடித்துக் காட்டுவான். ஒருநாள் பந்தாட்டத்தில் கோல் காக்க அவன் முன்வந்தபோது, கோபால் பயந்து ஓடிவிடுவான் என்று சொல்லி வேறொருவனை நிறுத்தினர். அன்று முதல் அப்பெயரைக் கேட்டால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. விளையாட்டு என்பது சிறுவர்க்கு விளையாட்டன்று. அதுவே அவர்கள் உலகம். அவ்வுலகத்தில் யார் எந்த வேடம் பூண்பது என்பதைத் தொலைக்காட்சி சொல்லிக் கொடுக்கிறது.

இனி நம் ஆராய்ச்சிக்கு வருவோம். தீனிப்பிரியனும் கோழையுமாகிய தோழனைப் படைப்பது தானே குற்றமா? குற்றமென்றால் உலகத்து நாடகங்கள் பலவற்றைக் கொளுத்திவிட வேண்டும். வடமொழி நாடகத்தில் அரசனுக்குத் தோழனாய் வரும் விதூஷகன் வயிற்றையே தெய்வமாகக் கொண்டவன். காளிதாசருடைய சாகுந்தலத்தில் துஷ்யந்தனின் விதூஷகன் வேட்டைத் தொல்லையை எண்ணிப் புலம்புவதும் உணவையே நினைப்பதும் கற்றோர் அறிவர். அவன் கூலிக்காரன் அல்லன், அந்தணன். ஆங்கில நாடகத்திலோ, ஷேக்ஸ்பியர் படைத்த சர் ஜான் ஃபால்ஸ்டாஃப் இருக்கிறார். பருத்த உடல், அடங்காத குடி, போரிற் கோழைத்தனம், விடுதிக்காரிக்குத் தீராத கடன் என நம் கோபாலிடம் காணும் குணங்களில் எதுவும் அவரிடம் குறைவில்லை. கோபாலிடம் இல்லாதன பலவும் உண்டு. ஆயினும் ஆங்கிலேயர் அவரைத் தம் இனத்துக்கு இழுக்கென்று எண்ணவில்லை. நான்கு நூற்றாண்டுகளாக மார்போடணைத்துக் கொண்டாடுகின்றனர்.

ஏன்? இங்குதான் நம் வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். ஃபால்ஸ்டாஃப் மேடையேறும்போது அவரைச் சுற்றி நிற்போரில் ஆங்கிலேயர் பலர். அரசன் ஆங்கிலேயன், வீரன் ஆங்கிலேயன், கள்வன் ஆங்கிலேயன், நீதிபதி ஆங்கிலேயன். ஆகையால் அவருடைய கோழைத்தனம் அவருடைய சொந்தக் கோழைத்தனமாக நின்றுவிடுகிறது. அவர் ஒரு மனிதர். ஓர் இனத்தின் தூதர் அல்லர். கோபாலோ அக்கூட்டத்தில் ஒருவனே தமிழன். பக்கத்தில் நிற்பதற்கு ஒரு தமிழ் வீரன் இல்லை, ஒரு தமிழ்ச் சிறுமி இல்லை. தந்தை ஒருவர் உண்டு. அவரும் அதட்டுவதற்கே வருகிறார். ஆகவே கோபால் நடுங்கினால் தமிழன் நடுங்கியதாகிறது. கோபால் கடன் வைத்தால் தமிழன் கடன் வைத்ததாகிறது. ஒரு சிறுவன் தோளில் ஓர் இனத்தையே ஏற்றி வைத்தால், அவன் செய்யும் சேட்டையும் இனத்தின் சேட்டையாகத்தானே தோன்றும்?

இத்தனிமைதான் குறை, நகைச்சுவை குறையன்று. யிங்கையும் யாயாவையும் பார்த்தும் சிரிக்கிறோமே என்று எதிர்வாதம் கூறலாம். உண்மை. ஆனால் அவ்விருவருக்கும் கிடைத்த அடையாளம் யாது? படிப்பில் முதன்மைக்குப் போட்டியிடுவது. யாயா சுடும் பிஸ்கட்டை ஊரார் வாயில் வைக்க மாட்டாமல் ஓடுவது நல்ல நகைச்சுவை. ஆனால் அச்சிரிப்பு அடங்கியபின் அவள் வகுப்பின் ஒழுங்கைக் காப்பவளாக நிமிர்ந்து நிற்கிறாள். கோபாலுக்கோ சிரிப்பு அடங்கியபின் நிற்பதற்கு இடம் மிகச் சிறிது.

மற்றொரு வேறுபாட்டையும் கருதுக. நம் தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரன் அரசனையே கேலி செய்வான். அவையோரைக் கேலி செய்வான். தன்னையும் கேலி செய்து கொள்வான். அவன் நம்மைச் சிரிக்க வைக்கிறான். கோபாலையோ பெரும்பாலும் நாம் பார்த்துச் சிரிக்கிறோம். சிரிக்க வைப்பவனிடம் அறிவு இருக்கிறது. சிரிக்கப்படுபவனிடம் உடம்பு மட்டுமே இருக்கிறது. கோபாலுக்கு ஆசிரியர்கள் கொடுத்திருக்க வேண்டியது இன்னுங் கொஞ்சம் வீரமன்று; இன்னுங் கொஞ்சம் வாய்ச்சாதுரியம்.

இக்குறையைத் தீர்த்தோர் உண்டா என்றால் உண்டு. அமெரிக்கரின் 'டீன் டைட்டன்ஸ்' 2003 முதல் 2006 வரை நடந்த வீரச்சிறுவர் தொடர். அதிலும் ஐவர், அதிலும் ஒரு கோமாளி. பீஸ்ட் பாய் என்னும் பச்சைநிறச் சிறுவன் விலங்குருவங்கள் எடுப்பான், ஓயாமல் வேடிக்கை பேசுவான். ஆனால் ஆசிரியர்கள் அவனுக்கு ஒரு துயரத்தைக் கொடுத்தனர். அவன் அன்புகொண்ட டெர்ரா என்னும் சிறுமி கூட்டத்துக்குத் துரோகம் செய்து, முடிவில் ஊரைக் காப்பதற்காகக் கல்லாகிப் போகிறாள். தொடரின் கடைசிக் கதை தலைவனைப் பற்றியதன்று. டெர்ராவைப் போன்ற ஒருத்தியைத் தெருவிற் கண்டு, அவள்பின்னே அலையும் அக்கோமாளியைப் பற்றியது. அதன்பின் எவரும் அவனை வெறுங் கோமாளி என்று கூறத் துணியார். கோமாளிக்கு ஓர் உள்ளமும் உண்டென்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும். பிறகு ஆயிரம் முறை அவனைச் சிரிப்புக்கு உள்ளாக்கலாம்.

நம் கோபாலிடம் அதற்கு வேண்டிய சரக்கு இல்லாமலில்லை. அச்சமில்லாதவன் போருக்குப் போவதில் வியப்பென்ன? 2016-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஓச்சோபாட்டைக் கவர்ந்து சென்ற தெங்கோத்தாக் கூட்டத்தாரைத் தேடி நண்பர்கள் புறப்படுகின்றனர். அஞ்சி நடுங்கும் கோபாலும் அவர்களோடு போகிறான். வீட்டில் இருந்துவிட்டிருக்கலாம், இருக்கவில்லை. கால் நடுங்க நடுங்கத் தோழன் பின்னே செல்பவனைக் கோழை என்று எந்த நிகண்டு கூறும்? தலைவனாகிய போபோய்பாய்க்கே பலூன் என்றால் கிலி என்று இத்தொடர் காட்டுகிறது. ஆயினும் தலைவன் அச்சத்தை நாம் மறந்துவிடுகிறோம். தோழன் அச்சத்தை நினைவில் வைத்துக்கொள்கிறோம். இம்மறதிக்கு ஆசிரியர்கள் பாதிப் பொறுப்பு என்றால், மீதிப் பாதி பார்ப்போராகிய நம்முடையது.

இனி அவனுடைய ஆற்றலைப் பாருங்கள். நிழலை ஏவுவது பெரிதா, காலத்தைத் தணிப்பது பெரிதா, பொருளின் இயல்பையே மாற்றுவது பெரிதா? பகைவன் எய்த குண்டு பலகாரமாய் விழும் உலகத்தில் போர் என்பதே நடவாது. பசித்தவன் கையிற்பட்ட கல் சோறாகும் என்பது ஏழைக்குலம் யுகயுகமாய்க் கண்ட கனவு. ஐவர் ஆற்றலில் ஏழைக்கு மிக நெருங்கியதும் உயிரைக் கொல்லாததும் கோபாலின் ஆற்றலே. இத்தகைய மாணிக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் அதனைப் பெரும்பாலும் தீனி நகைச்சுவைக்கே செலவிட்டது, இன வெறுப்பால் நேர்ந்தது என்று நாம் கருதவில்லை. எளிதிற் கிடைக்கும் சிரிப்போடு மனம் நிறைந்துவிட்ட கலைக்குறை அது. குறைக்கும் குற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து கண்டிப்பவனே நல்ல விமர்சகன்.

இந்நிறுவனத்தார்க்கு முன்னரே வெளிவந்த 'உப்பின் இப்பின்' தொடரையும் இங்கு நினைக்கலாம். 2007-இல் தொடங்கிய அக்கதையில் ராஜு என்னும் சிறுவனும், கடை நடத்தும் முத்து என்னும் பெரியவரும் வருகின்றனர். இருவரும் இருவேறு வயதினர்; இருவேறு இயல்பினர். ஆகவே ராஜுவின் சேட்டை ராஜுவினுடையதாகவும், முத்துவின் குணம் முத்துவினுடையதாகவும் நிற்கின்றன. இருவர் இருந்தாலே இவ்வளவு வேறுபாடு என்றால், நால்வர் ஐவர் இருந்தால் எப்படி இருக்கும்?

அப்படியாயின் நாம் செய்ய வேண்டுவது யாது? படத்தை நிறுத்துக என்று கூச்சலிடுவது வீண். நிறுத்தினால் இருந்த ஒருவனும் போய்விடுவான். வாய்மூடி இருப்பதும் வீண். அந்த மௌனத்தை ஆக்கியோர் சம்மதமென்றே கொள்வர். குழந்தைகளோடு அமர்ந்து பார்ப்பது முதல் வேலை. கோபால் ஓடும்போது சிரிக்கட்டும். அவன் திரும்பி வரும்போது, பார்த்தாயா, பயந்தும் வந்தானே என்று சொல்லிக் கொடுப்பது பெற்றோர் கடன். ஆக்கியோர்க்கு மரியாதையோடு எழுதுவது இரண்டாம் வேலை. கோபாலை நீக்குக என்று எழுத வேண்டா. அவனுக்கு ஒரு தங்கையைக் கொடுங்கள், ஒரு தமிழ் ஆசிரியையைக் கொடுங்கள், சிரிப்பில்லாத ஒரு கதையைக் கொடுங்கள் என்று எழுதுவோம்.

மூன்றாவதே பெரிய வேலை. அந்நிறுவனத்தைத் தொடங்கிய நால்வருள் தமிழர் ஒருவரும் இலர். அவர்கள் தம் அயல்வீட்டுத் தமிழ்ச் சிறுவனை வெளியிலிருந்து கண்டபடி வரைந்தனர், அன்போடுதான் வரைந்தனர். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு உடம்பும் குரலும் தெரியும். வீட்டினுள் நடப்பது தெரியாது. அக்குமார் மகனை ஏன் அதட்டுகிறார், அதட்டியபின் இரவில் அவன் தலைமாட்டில் வந்து நிற்கிறாரா என்பதையெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைதான் எழுத முடியும். நம் பிள்ளைகளுள் சித்திரம் தீட்ட வல்லார் இல்லையா? கணிப்பொறி கற்றோர் இல்லையா? மருத்துவமும் சட்டமுமே படிப்பு, மற்றவை பிழைப்புக்கு ஆகா என்று நாமே அவர்கள் கைத்தூரிகையைப் பிடுங்கிவிட்டு, பிறர் தீட்டிய படத்தில் நம் முகம் கோணலாய் இருக்கிறதென்று அழுவது என்ன நியாயம்?

கோபாலை நாம் வெறுக்க வேண்டா. அவன் நம் பிள்ளை. பயந்தாலும் தோழனைக் கைவிடாதவன். கல்லைச் சோறாக்கும் வரம் பெற்றவன். அவனைத் தனியே நிற்க விட்டதுதான் பிழை. அவனுக்குத் துணையாக நம் கையால் இன்னும் நால்வரை வரைந்து அனுப்புவோமாக. அன்றைக்கு அவன் எத்துணைப் பலகாரம் தின்றாலும், எத்துணைக் கடன் வைத்தாலும், நாமும் மற்றவரோடு சேர்ந்து மனம்விட்டுச் சிரிக்கலாம்.